வீட்டுவரி அண்ணாச்சி

எங்கள் தெருவுக்குள் வரும்போது அவர் தன் மொபெட்டை எந்த வீட்டு வாசலிலும் நிறுத்த மாட்டார். தெருமுனையில் வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்து வருவார். ஒரு வீட்டு வாசலில் அவர் வண்டி நின்றால் அந்த வீட்டில் வரி பாக்கி என்று நாலு பேர் பேசுவார்களாம். அது அந்த வீட்டுக்காரர்களுக்குக் கூச்சமாக இருக்குமாம். இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. எதிர்வீட்டு மதினி சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"தெருவுல எல்லா வீடும்தான் பாக்கி. இவரு யாருக்குன்னு கூச்சப்படுறாரு?"

அவர் எங்கள் ஊராட்சியின் கிளார்க்கு. அரசாங்கத்தில் அதற்கு வேறு பதவிப் பெயர் உண்டு. பிறப்புச் சான்றிதழுக்கும் அவரிடம்தான் போக வேண்டும், தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் அவரிடம்தான் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் சுணங்காமல் செய்வார். ஆனாலும் அவரால் செய்யவே முடியாத ஒரே வேலையின் பெயர்தான் அவருக்கு நிலைத்தது. ஊருக்கு அவர் வீட்டுவரி அண்ணாச்சி.

நான் விருதுநகரில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். என் வீட்டுக்காரர் சிவகாசியில் காலண்டரின் மேல்விளிம்பில் டின் பட்டை அடிக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கிறார். நான் வீட்டிலிருந்தே அச்சகங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை டைப் செய்து கொடுப்பேன். வந்த புதிதில் ஒருநாள் வாசலில் குரல் கேட்டது.

"வீட்ல ஆளிருக்கீகளா?"

ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் இரண்டு பேனா. என் மாமியார் உள்ளேயிருந்து, "வாங்கண்ணாச்சி, உக்காருங்க" என்று சந்தோஷமாகக் கூப்பிட்டார். யாரோ நெருங்கிய சொந்தம் என்றுதான் நினைத்தேன். உட்கார்ந்தார். காபி குடித்தார். அத்தையின் முழங்கால் வலியை விசாரித்தார். யூனிட்டில் வேலை எப்படி என்று கேட்டார். பிறகு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பியபடி சொன்னார்:

"அப்ப வாரேன். அது ஒண்ணு இருக்கு... சீசன் இன்னும் சூடு பிடிக்கலைல்ல? சரி சரி. மெதுவாப் பாத்துக்கிடலாம்."

அத்தை, "ஆமாண்ணாச்சி, ஆர்டரே வரலை" என்றார். அவர் போய்விட்டார். அன்று யூனிட்டில் இடமில்லாமல் எங்கள் வாசலில் பேப்பர் லோடு இறங்கியதையும், அதைத் தாண்டித்தான் அவர் உள்ளே வந்தார் என்பதையும் நான் பார்த்திருந்தேன்.

அதுதான் அவர் வரி கேட்கிற விதம். 'வரி' என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. 'அது ஒண்ணு இருக்கு' என்பார். அதை முடிப்பதற்குள், கட்ட முடியாததற்கான காரணத்தையும் அவரே எடுத்து நம் கையில் கொடுத்துவிடுவார். நாம் யோசிக்க வேண்டியதே இல்லை. கல்யாணம் முடிந்த வீடென்றால், "கல்யாணச் செலவு இருக்கும்ல?" வெடி கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் என்றால், "மழைக்குக் கம்பெனி அடைச்சிருக்கானுகல்ல?" எதுவுமே இல்லாத வீட்டில், கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "பசுமாடு சினையா இருக்கோ?" என்பார். அந்தந்த வீட்டுக்குப் பொருத்தமான காரணத்தை அவர் வழியிலேயே யோசித்து எடுத்து வந்திருப்பார் போல. சில வீடுகளில் அது உண்மையாகவும் இருந்தது. கம்பெனி அடைத்த மாதத்தில் கடையில் அரிசிக்குக் கடன் சொன்னவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அவர் கொடுத்த காரணத்தை யாரும் வேண்டாமென்று திருப்பிக் கொடுத்ததில்லை.

தெருவில் பிள்ளைகள்கூட அவரைப் போலப் பேசி விளையாடும். ஒன்று பையை இடுக்கிக்கொண்டு, "அது ஒண்ணு இருக்கு" என்னும். மற்றதெல்லாம், "ஆமாண்ணாச்சி, ஆமாண்ணாச்சி" என்று தலையாட்டும். ஒருநாள் அவரே பார்த்துவிட்டார். "ஏ ஐயா, அம்புட்டு வேகமாச் சொல்லக் கூடாது, இழுத்துச் சொல்லணும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவருடைய காற்றடிக்கும் பம்பை எதிர்வீட்டு மதினி ஒரு தடவை இரவல் வாங்கினார். மகனுடைய சைக்கிளுக்கு. திருப்பிக் கொடுக்கவில்லை. மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். சில மாதம் கழித்து அண்ணாச்சியின் வண்டி டயர் எங்கள் தெருவிலேயே இறங்கிப் போனது. அவர் தயங்கித் தயங்கி மதினியின் வாசலில் போய் நின்றதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

"மதினி, உங்க பம்பு இருந்தாக் கொஞ்சம் குடுங்க. அடிச்சுட்டுத் தந்துருதேன்."

மதினி கொண்டுவந்து கொடுத்தார். அவர் காற்றடித்துவிட்டு, கைப்பிடியைத் துடைத்து, மறுபடியும் மதினியிடமே கொடுத்துவிட்டு, "ரொம்ப உபகாரம்" என்று கும்பிட்டுப் போனார். மதினிக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. சாயங்காலம் வாசல் தெளிக்கும்போதுதான் நினைவு வந்து, "ஐயையோ, அது அவரு பம்புல்ல?" என்று வாளியோடு ஓடி வந்தார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். பம்பு இன்றைக்கும் மதினி வீட்டில்தான் இருக்கிறது.

இதற்கு நேர்மாறாக ஒன்று சொல்ல வேண்டும். பங்குனிப் பொங்கலுக்கு அம்மன் கோவில் கமிட்டி தலைக்கட்டு வரி வசூலிக்கும். ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு. மேளத்தோடு வருவார்கள். யார் எவ்வளவு என்று கோவில் மைக்கில் வாசிப்பார்கள். கொடுக்காத தலைக்கட்டுக்கு முளைப்பாரி எடுக்க உரிமை கிடையாது. அதனால் அடகு வைத்தாவது கொடுப்பார்கள். அந்த ஊர்வலத்தின் கடைசியில் அண்ணாச்சியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து வருவார். அவர் வெறுங்கையோடு நடந்த அதே வாசல்களில், மேளம் நின்று அடுத்த அடி விழுவதற்குள் பணம் வெளியே வந்துவிடும். அவர் முகத்தில் அதைப் பார்த்து ஒரு வருத்தமும் இருக்காது. "நம்ம சனங்க கை தாராளமான கை" என்று என் வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னார். அந்த மேளத்தை ஒருநாள் அவருக்கும் வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கலாம் என்று நான் வீட்டில் சொன்னபோது அத்தை முறைத்தார். சாமி காரியமும் சர்க்கார் காரியமும் ஒன்றா என்று கேட்டார்.

நான் வரி கட்டுவது கடமை என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள். எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பாப்பா பிறந்த வருடம், டைப் செய்த காசை எடுத்து வைத்துக்கொண்டு, அத்தை கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவர் கையில் கொடுத்தேன். அவர் பதறிப் போனார்.

"இப்பவேவா தாயி? கைப்பிள்ளை இருக்கு. செலவு இருக்கும்ல?"

"இல்லண்ணாச்சி. வச்சுக்கோங்க."

"ஒண்ணும் அவசரமில்லையே..."

"அண்ணாச்சி, வாங்கிக்கோங்க."

வாங்கினார். சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, தொடையில் புத்தகத்தை வைத்து ரசீது எழுதினார். எழுதும்போது இரண்டு தடவை தெருவை எட்டிப் பார்த்தார். ரசீதைச் சின்னதாக மடித்துக் கொடுத்துவிட்டு ரகசியம்போலச் சொன்னார்:

"வெளிய சொல்லிக்கிடாதீக தாயி. மத்தவுகளுக்குச் சங்கடமா இருக்கும்."

நான் சொல்லவில்லை. ஒவ்வொரு வருடமும் அதே மாதிரி, களவு செய்கிறவள்போலக் கட்டினேன். ரசீதைப் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்தேன். அத்தைக்குத் தெரிந்தால், "பெரிய கலெக்டர் வீட்டுப் பொம்பளை" என்பார் என்ற பயம். தெருவுக்குத் தெரிந்தால் எல்லாரையும் நான் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்ற பயம். சரியானதைச் செய்துவிட்டு அதற்காக வெட்கப்பட முடியும் என்பதை நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

பாப்பா அங்கன்வாடிக்குப் போகத் தொடங்கியதும் என் பயம் வேறு இடத்துக்குப் போனது. அங்கன்வாடி ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழேயே இருந்தது. அந்த மேல்நிலைத் தொட்டி என் வீட்டுக்காரர் பிறப்பதற்கு முன்பே கட்டியது. கால்களில் சிமெண்ட் உதிர்ந்து, உள்ளே கம்பி துருவேறி வெளியே தெரியும். ஒரு காலின் வெடிப்பில் அரசங்கன்று முளைத்திருந்தது. ஈரம் கசிந்து அடிப்பக்கமெல்லாம் பச்சையாக இருக்கும். காலையில் பாப்பாவை விட்டுவிட்டு நான் உடனே திரும்ப மாட்டேன். அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். நேற்றுக்கு இன்று வெடிப்பு பெரிதாகியிருக்கிறதா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா? அங்கன்வாடி ஆயா, "நீங்க பாக்கிற பார்வையிலயே விழுந்துரும் போலிருக்கே" என்று கேலி செய்வார். அண்ணாச்சி மட்டும் கேலி செய்யவில்லை. அவர் தொட்டியின் கால்களைச் சுற்றித் தேங்காய்க் கயிறு கட்டி, அதில் ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிட்டிருந்தார், பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாமலிருக்க.

அந்தக் கயிற்றருகே வைத்துத்தான் அவரிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி, இதை எப்ப இடிச்சுக் கட்டுவீக?"

"எழுதிப் போட்டிருக்கேன் தாயி. பெரும்பங்கு கெவர்மெண்டு குடுக்கும். நம்ம ஊராட்சிப் பங்குன்னு ஒரு தொகை வைக்கணும். அதை வச்சாத்தான் வேலை ஆரம்பிக்கும்."

"வைக்க வேண்டியதுதான?"

"ஊராட்சியில இல்லையே."

"ஏன் இல்ல?"

அதற்கான பதில் எங்கள் தெருவில் வீடு வீடாக இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் கேட்ட மாதிரி ஆகிவிடுமே. அவர் குனிந்து பாப்பாவின் காலைப் பார்த்தார்.

"பாப்பாவுக்குச் செருப்பு சிறுசாயிருச்சு போலயே" என்றார்.

ஒரு மத்தியானம் நான் யாருடைய கல்யாணத்துக்கோ தாய்மாமன் பெயர்களை டைப் செய்துகொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. எங்கள் பகுதியில் சத்தம் கேட்டால் எல்லாரும் முதலில் வெடி கம்பெனி இருக்கும் திசையில்தான் பார்ப்பார்கள். அப்படித்தான் மதினியும் வடக்கே பார்த்தார். நான் தொட்டி இருக்கும் பக்கம் ஓடினேன். செருப்புக்கூடப் போடவில்லை.

தொட்டியின் அடிப்பாகத்திலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து, அங்கன்வாடியின் பின்புறம் தட்டுகள் காயவைக்கும் மேடையில் விழுந்திருந்தது. தட்டுகளெல்லாம் நசுங்கிக் கிடந்தன. பிள்ளைகள் அப்போதுதான் உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை. பாப்பா கையில் பாதி முட்டையோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். தலையெல்லாம் சிமெண்ட் தூள். அண்ணாச்சி எனக்கு முன்பே வந்துவிட்டார். தரையில் குத்தவைத்து, உடைந்த துண்டுகளை வெறுங்கையால் பொறுக்கிப் பொறுக்கி ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் அழுதார் என்று மதினி சொல்வார். நான் அதைக் கவனிக்கவில்லை. பாப்பாவின் தலையைத் தடவித் தடவி, ரத்தம் இருக்கிறதா என்று என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றிய அலுவலகத்திலிருந்து இன்ஜினியர் வந்தார். தொட்டியில் தண்ணீர் ஏற்றக் கூடாது என்றார். அங்கன்வாடியை ரேஷன் கடையின் பின்னறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை. மூட்டைகளுக்கு நடுவில் பிள்ளைகள் படுத்துத் தூங்கினார்கள். தண்ணீர் டேங்கர் லாரியில் வந்தது. இன்ஜினியர் போகும்போது ஊராட்சிப் பிரசிடெண்டிடம் சொன்னார்:

"இது ஒண்ணு மட்டும் இல்லீங்க. பாலம், தொட்டி, பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே காலத்துல கட்டுனது. இப்ப எல்லாத்துக்கும் ஒண்ணா வயசாகுது. நாடு முழுக்க இதே கதைதான். உங்க பங்கை மார்ச்சுக்குள்ள வச்சிருங்க. இல்லேன்னா அரசாங்கப் பங்கை அடுத்த ஊராட்சிக்குத் திருப்பி விட்டுருவாங்க. வரி கேக்கிறதுக்கு ஆளா இல்லை?"

மறுநாள் காலையிலேயே அண்ணாச்சி தெருவுக்கு வந்தார். முகத்தைச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஏதோ பரீட்சைக்குப் போகிறவர்போல இருந்தார். இன்று கேட்டுவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றேன். அவர் முதலில் எதிர்வீட்டுக்குத்தான் போனார்.

"மதினி... தொட்டி..."

"ஆமாண்ணாச்சி. நல்லவேளை பிள்ளைக உள்ள போயிட்டுக. இருக்கன்குடி மாரியாத்தாதான் காப்பாத்துனா."

"ஆமா. அதான்... அது ஒண்ணு..."

மதினி காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். அவர் தொண்டையைச் செருமினார். பேனாவை எடுத்தார், மறுபடி பையில் சொருகினார்.

"அண்ணனுக்குக் கம்பெனியில போனஸ் இன்னும் போடலைல்ல?" என்றார்.

"எங்கண்ணாச்சி போட்டான்" என்றார் மதினி.

அவர் படியிறங்கி வந்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை. "அண்ணாச்சி, கேளுங்கண்ணாச்சி!" என்றேன். என் குரல் எனக்கே அழுகிற குரலாகக் கேட்டது.

"கேட்டேனே தாயி" என்றார் அவர். அவர் அதை நம்பினார் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்து ஊராட்சிக் கூட்டம் போட்டார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா. ஒன்றியத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து பிரசிடெண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணாச்சி மேசைக்குப் பின்னால் நின்றார். இத்தனை வருடமாக ஏன் வரி வசூலாகவில்லை என்று அதிகாரி கேட்டார். ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"கேட்டாத்தான சார் குடுக்க முடியும்?"

சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மற்றவர்களுக்குத் தைரியம் கொடுத்துவிட்டது.

"ஆமா சார். வருவாரு, காபி குடிப்பாரு, போயிருவாரு."

"எம்புட்டு இருக்குன்னே எங்களுக்குத் தெரியாதுல்ல."

"பிள்ளைக தலையில விழுந்திருந்தா யாரு சார் பொறுப்பு?"

கடைசியாகக் கேட்டது எதிர்வீட்டு மதினி. கோபமாகத்தான் கேட்டார், நடிக்கவில்லை. அந்த நிமிடத்தில் அங்கே இருந்த எல்லாரும் உண்மையாகவே அண்ணாச்சிமேல் கோபமாக இருந்தார்கள். அவர்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் கொடுமை. அவர் கேட்கவில்லைதான். அவர் நல்ல மனிதராக இருந்ததற்காக என் பிள்ளை தலையில் சிமெண்ட் தூள் விழுந்தது. அப்படி நினைத்த உடனே, அப்படி நினைப்பது சரியா என்றும் தோன்றியது.

நான் எழுந்தேன். அத்தை என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "என்கிட்ட கேட்டாரு சார். கேட்டாரு, நான் கட்டுனேன். வருசா வருசம் கட்டிருக்கேன்" என்றேன்.

கூட்டம் திரும்பி என்னைப் பார்த்தது. அத்தையின் கை முந்தானையை விட்டுவிட்டது. அதிகாரி அண்ணாச்சியைப் பார்த்தார். "அப்ப கேட்டிருக்கீங்க? கேட்டும் இவங்க தரலையா?"

தலையை ஆட்டினால் போதும். அவர் தப்பித்திருக்கலாம். அவர் எங்கள் முகங்களை ஒரு தடவை பார்த்தார்.

"இல்ல சார். அந்தத் தாயி தானாக் கட்டுனது. நான் அதுகிட்டயும் கேக்கலை. யாருகிட்டயும் கேக்கலை" என்றார்.

நான் உட்கார்ந்துவிட்டேன். வேறு என்ன செய்ய? அவருக்காகச் சொன்ன ஒரே சாட்சியும் பொய் என்று அவரே சொல்லிவிட்டார். அது பொய்தான். சுற்றி இருந்தவர்கள் நிம்மதியாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அல்லது கேட்டதாக நானே நினைத்துக்கொண்டேனா தெரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எனக்குத் தெரியாம எங்கன வச்சிருக்க அந்த ரசீதையெல்லாம்?"

அண்ணாச்சியைக் கண்காணாத ஓர் ஊராட்சிக்கு மாற்றிவிட்டார்கள். சம்பள உயர்வையும் நிறுத்தினார்கள் என்று கேள்வி. அவர் இடத்துக்குச் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். கையில் ரசீது அடிக்கும் மிஷின். வண்டியை நட்டநடுத் தெருவில் நிறுத்தினாள். உட்கார மாட்டாள், காபி குடிக்க மாட்டாள். மதினி காரணம் சொல்லத் தொடங்கியதும், "அக்கா, எந்த வருசத்துல இருந்து நிக்குதுன்னு சத்தமா வாசிக்கட்டுமா?" என்றாள். மதினி உள்ளே போய்ப் பணத்தோடு வந்தார். அடுத்த வீட்டில் அவள் வாசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. மார்ச் பிறப்பதற்கு முன்பே ஊராட்சிப் பங்கு சேர்ந்துவிட்டது. அவ்வளவு லேசாக முடிந்தது. யாரும் நகையை அடகு வைக்கவில்லை, யார் வீட்டிலும் அடுப்பு அணையவில்லை. ஆனால் அவளை எல்லாரும் கரித்துக் கொட்டினார்கள். "பொம்பளையா அவ? அண்ணாச்சி எப்பேர்ப்பட்ட மனுசன்! ஒருநாள் வாயைத் திறந்து கேட்டிருப்பாரா?" என்று அத்தை தினமும் சொன்னார்.

பழைய தொட்டியை இடித்தார்கள். புதியது எழும்பியது. அங்கன்வாடியை அதிலிருந்து தள்ளிப் புதிதாகக் கட்டிக் கொடுத்தார்கள். பாப்பாவை இப்போது விட்டுவிட்டு உடனே திரும்பி வருகிறேன். அண்ணாந்து பார்ப்பதில்லை.

போன ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கம்பெனி வேன்கள் பெண்களை இறக்கிவிட்டுப் போகிற நேரத்தில், தெருமுனையில் அண்ணாச்சி நடந்து வந்தார். கூட அவருடைய மனைவி. அவரை நாங்கள் பார்த்ததே இல்லை. இருக்கன்குடி கோவிலுக்குப் போய்விட்டு வருகிறார்களாம். நெற்றியில் மஞ்சள், கையில் தேங்காய்ப் பை. புதுத் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்று அண்ணாச்சிக்கு ஆசை. அதனால் வழியில் இறங்கியிருக்கிறார்கள்.

தெருவே கூடிவிட்டது. எப்படி முகத்தைப் பார்ப்பது என்று கதவருகே நின்றேன். ஆனால் வேறு யாருக்கும் அப்படி ஒன்றும் இருக்கவில்லை. மதினி ஓடிப்போய் அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஒருவர் நாற்காலி போட்டார், ஒருவர் கலர் சோடா வாங்க ஆள் அனுப்பினார்.

"நீங்க போனதும் எங்களைப் பிழிஞ்சு எடுத்துட்டா அண்ணாச்சி அந்தப் பிள்ளை!"

"இளைச்சிட்டீகளே. அங்கன சாப்பாடு சரியில்லையா?"

"ரெண்டு பஸ்ஸு மாறிப் போகணும், அதான்" என்று அவர் சிரித்தார். தொட்டியை அண்ணாந்து பார்த்தார். "நல்ல கட்டுமானம்" என்றார். உண்மையான சந்தோஷம். பாப்பாவைப் பார்த்து, "பள்ளிக்கூடம் போறீகளா?" என்று மரியாதையோடு கேட்டார்.

அவருடைய மனைவி மட்டும் பேசாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, வீடு வீடாக, மேலும் கீழுமாக. அவர் முகத்தில் கோபமோ குத்தலோ இல்லை, ஆச்சரியம் மட்டும்தான். பிறகு மதினியிடம் சொன்னார்:

"அம்புட்டும் மாடி வீடால்ல இருக்கு! நான் குடிசையா இருக்கும்னுல்ல நினைச்சிருந்தேன். இவுக தினமும் வீட்டுக்கு வந்து சொல்லுவாக, பாவம் அந்த ஊரு சனம், கம்பெனி அடைச்சிருக்கு, கல்யாணச் செலவு, சீசன் இல்ல, எப்படிப்போய்க் கேக்கன்னு. நானும் ஆமா, கேக்காதீகன்னுதான் சொல்லுவேன். ராத்திரி சாமி கும்பிடும்போது உங்களுக்கும் சேத்துத்தான் கும்பிட்டுக்கிடுவேன்."

கலர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றார். மதினி தன் கையை மெல்ல இழுத்துக்கொண்டார். நானும் அப்போதுதான் எங்கள் தெருவைப் பார்த்தேன். கண்ணாடி பதித்த முகப்புகள், எவர்சில்வர் கைப்பிடி போட்ட படிகள். எங்கள் வீட்டு மாடியில் புதுப் பெயிண்ட் வெயிலில் மின்னியது. ஊராட்சிக் கணக்கில் அது இன்னும் பழைய ஓட்டு வீடுதான். நான் பட்டுச்சேலைக்கு அடியில் பெருமையாகச் சேர்த்து வைத்த ரசீதுகள் எல்லாம் அந்த ஓட்டு வீட்டுக்கான குறைந்த வரிக்கு வாங்கியவை.

அண்ணாச்சி அவசரமாக எழுந்தார்.

"எல்லாம் லோன் போட்டுக் கட்டுனதுடி. வட்டி கட்டியே தேய்ஞ்சிட்டாக பாவம். வா, பஸ்ஸு வந்துரும்" என்றார்.

"ஆமா மதினி, எல்லாம் லோனு" என்று அத்தை அவர் மனைவியிடம் சொன்னார். சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். அவர் மனைவி என் பக்கம் திரும்பி, "உங்களுக்குமா தாயி?" என்று இரக்கத்தோடு கேட்டார்.

எங்கள் மாடி இரண்டு காலண்டர் சீசன் லாபத்தில் எழும்பியது. அதன்மேல் ஒரு ரூபாய் கடன் கிடையாது. நானும் தலையாட்டினேன்.